இடது மணிக்கட்டு

786
கல்முனை
14.05.1986, புதன், நோன்பு நாலு

மச்சானுக்கு,

நீங்கள் சலாம் சொல்லாமல் படியிறங்கிப் போனீர்கள். நான் சொல்கிறேன்: அஸ்ஸலாமு அலைக்கும். பதில் சொல்வது உங்கள் கடமை. மனதுக்குள்ளாவது சொல்லிவிட்டு மேலே வாசியுங்கள்.

இது கொழும்பில் ஹமீட் காக்காவின் கடைக்கு வந்து சேருவதற்குள் நீங்கள் அந்த ஏஜென்சிக்காரனிடம் போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். தந்தி அடிக்கலாமென்று தபால் கந்தோருக்கு ஓடினேன். கொழும்பில் தந்திக் கந்தோரிலேயே குண்டு வெடித்து ஒரு கிழமைதான் ஆகிறது, உங்கள் தந்தி எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். ஆகவே கடிதம். அல்லாஹ் இதற்குக் கால் கொடுக்கட்டும்.

நேற்று நீங்கள் கத்தியதில் பாதி நியாயம். அதனால்தான் வாய் திறக்காமல் நின்றேன். "உங்கள் மனைவி கமீலா குவைத்தில் மாடியிலிருந்து விழுந்து ஆசுபத்திரியில் இருக்கிறார்" என்று ஏஜென்சியிலிருந்து வந்த கடிதத்தைச் சத்தமாக வாசித்துவிட்டு, அடுப்படியில் நோன்புக் கஞ்சி துழாவிக்கொண்டிருந்த கமீலாவை மேலும் கீழும் பார்த்தீர்களே, அந்தப் பார்வை இன்னும் என் மேலேயே நிற்கிறது.

ஓம், போன வருடம் என் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தைப் பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கத்திடம் கொடுத்தது நான்தான். குவைத்து வீட்டுக்காரர்கள் முஸ்லிம் பெண்தான் வேண்டுமென்கிறார்கள், பெயர் மட்டும் மாறினால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருக்கிறான். அந்த வருடச் சித்திரையில் தமிழ் ஆட்களும் நம் ஆட்களும் அடித்துக்கொண்ட கலவரத்தில் அவள் புருசன் முருகேசு அண்ணனின் வள்ளம் எரிந்துபோனது. புருசனும் பெண்சாதியும் சின்னப் பிள்ளையும் என்ன செய்வார்கள்? அதே கலவரத்தில்தான் நீங்கள் விற்கிற கைத்தறிச் சாரக் கட்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள், அதுவும் தெரியும். அன்றிலிருந்து நீங்கள் முருகேசு அண்ணனின் வேலிப் பக்கம் முகம் திருப்பியதில்லை. உங்களிடம் கேட்டிருந்தால் வேண்டாம் என்பீர்கள். வேண்டாமென்ற பிறகு கொடுத்தால் பெரிய குற்றம். கேட்காமல் கொடுத்தால் சின்னக் குற்றம் என்று என் புத்திக்குப் பட்டது.

நெல் அவித்த கிடாரம் சரிந்த நாளை மறந்துவிட்டீர்களா? சின்னத்தங்கம் என் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்திராவிட்டால் கொதிதண்ணீர் முகத்தில் கொட்டியிருக்கும். இடது மணிக்கட்டோடு போயிற்று. முகத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவளுக்குப் பெயரைக் கொடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது.

"இது என்ர பொஞ்சாதி இல்ல எண்டு சொல்லிப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். பொறுப்பேற்க ஆளில்லாவிட்டால் அங்குள்ள பொலிசிடம் ஒப்படைப்பார்கள் என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் சொல்கிற அந்த நிமிடம் அவள் யாருடைய ஆளும் இல்லை. பயத்தில் எனக்கு விடியமுன் ஸஹருக்கு எழும்பினால் சோறு இறங்குவதில்லை. மச்சான், சொல்லிவிடாதீர்கள்.

கமீலா

*

கொழும்பு, புறக்கோட்டை
16.05.1986, வெள்ளி, நோன்பு ஆறு

கமீலா,

வஅலைக்கும் சலாம். கடமைக்காகச் சொல்கிறேன். கோபம் அப்படியே இருக்கிறது. பயம் அதைவிடப் பெரிதாகிவிட்டபடியால் கோபத்தைக் கவனிக்க நேரமில்லை.

உன் கடிதம் இன்று பகல்தான் ஹமீடின் கடைக்கு வந்திருக்கிறது. நான் காலையிலேயே புறப்பட்டுப் போய்விட்டேன். சொன்னேனா இல்லையா என்று கடைசிப் பக்கத்துக்கு ஓடாதே. ஒழுங்காக முதலிலிருந்து வாசி. நான் பயந்த பயத்தில் கொஞ்சம் நீயும் படு.

வியாழக்கிழமை போனபோது ஏஜென்சி பூட்டியிருந்தது. இன்று எட்டு மணிக்குக் கடையிலிருந்து இறங்கினேன். "மருதானைதானே மச்சான், பஸ்ஸில ஏறினா கண்ண மூடித் திறக்கக்குள்ள போயிரலாம்" என்றான் ஹமீட். ஏறவில்லை. பஸ்ஸில் ஆளுக்காள் காலடியில் இருக்கிற பையைத்தான் பார்த்துக்கொண்டு போகிறார்கள். பலகையில் சிங்களத்தில் எழுதியிருப்பதும் எனக்கு விளங்காது. கொண்டக்டரிடம் இடம் கேட்பதென்றால் வாய் திறக்க வேண்டும், திறந்தால் தமிழ்தான் வரும். நடந்தால் வாய்க்கு வேலையில்லை. நம் ஊரில் பேசாமல் நூறு அடி நடந்தால் என்ன சுகமில்லையா என்று நாலு பேர் மறிப்பார்கள். இங்கே பேசாதவன்தான் பத்திரம். ஹமீட் ஒன்று மட்டும் சொல்லி அனுப்பினான்: "தொப்பியக் களட்டாத."

கோட்டை ஸ்டேசனுக்கு முன்னால் மண்மூட்டை அடுக்கி ஆமிக்காரர் நிற்கிறார்கள். வருகிற சனத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறார்கள். நான் ஓர் ஆசிரியர்மாதிரி ஆளின் பின்னால் அவருடைய ஆள் மாதிரி ஒட்டிக்கொண்டு நடந்தேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு வேகமாக நடந்தார். நானும் வேகமாக நடந்தேன். அவர் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார் என்பது மருதானைப் பாலம் வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. என்னைப் பார்த்தும் ஒருவர் பயப்படுகிறாரே என்று நினைக்க இன்னும் பயம் கூடியது. தெருவெல்லாம் புத்தர் பெருநாளான வெசாக்குக்கு மூங்கில் கட்டுகிறார்கள். கடதாசி ஒட்டாத விளக்குக் கூடுகள் எலும்பாகத் தொங்குகின்றன.

ஏஜென்சி ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில். படியெல்லாம் பெண்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்தவனுக்கு என்னைவிட வயது குறைவு. பெயரைச் சொன்னதும் கோப்பைத் திறந்து ஒரு படத்தை என் பக்கம் திருப்பி வைத்தான்.

சின்னத்தங்கம். பொட்டில்லாமல். தலையில் முக்காடு. அந்த முக்காடு நான் உனக்குப் போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எடுத்துத் தந்தது. தந்து இரண்டு மாதத்தில் காணாமல்போயிற்று, கொடியிலிருந்து காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று நீ சொன்னாயே, அந்த முக்காடு. ஊர்ப் புளுகில் உனக்குப் பரிசு தர வேண்டும்.

என் வாயில் வந்தது கமீலா. "இது என்ர..." வரைக்கும் வந்துவிட்டது. அவன் பேனையை வைத்துவிட்டுச் சொன்னான்:

"காக்கா, நல்லா யோசிச்சிக் கதைங்க. இவ உங்கட பொஞ்சாதி இல்லாட்டி, பத்திரம் குடுத்த கமீலா ஆரு எண்டு கேப்பாங்க. முதல்ல தேடி வாறது அவவத்தான். எனக்கு ஒண்டுமில்ல. நான் விசா எடுத்துக் குடுத்தவன், எனக்கு ஆளையும் தெரியா பேரையும் தெரியா."

படத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தபடி இருந்தாள். படம் பிடிக்கிறவன் சிரிக்கச் சொல்லியிருப்பான் போலும், பாதிச் சிரிப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று "மீன் வேணுமா காக்கா" என்று கேட்கிற அதே முகம். கலவரத்திலிருந்து நான் அந்த வேலிப் பக்கம் பார்க்காமலிருந்தது அந்த முகத்துக்குத் தெரியும்.

"என்ர பொஞ்சாதிதான்" என்றேன். இப்போது மூச்சை விடு.

ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கொள்ளுப்பிட்டியிலுள்ள அரசாங்க வெளிநாட்டு வேலைக் கந்தோருக்குப் போ என்றான். மறுபடியும் நடைதான். வாவிக் கரையாலே கொம்பனித்தெரு வரைக்கும் வந்துவிட்டேன். பாலத்தடியில் ஓர் ஆமிக்காரன் கையைக் காட்டினான்.

"கொஹெத யன்னே?" என்றான். எங்கே போகிறாய் என்பது விளங்கியது. சிங்களத்தில் பதில் சொல்லத்தான் தெரியாது. அடையாள அட்டையை நீட்டினேன். கல்முனை என்ற இடத்தில் அவனுடைய விரல் நின்றது. என் பையை விரித்தான். மாதிரிக்குக் கொண்டுவந்த இரண்டு சாரம், தொழுகைப் பாய், ஏஜென்சிக் கடதாசி. கடதாசியை எடுத்துத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தான். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. அதைப் பார்த்துவிட்டுத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான். இரக்கத்தில் நீட்டினானோ, இவன் தொப்பி போட்ட தமிழனா மெய்யான சோனகனா என்று சோதிக்க நீட்டினானோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நான் தலையை ஆட்டிவிட்டு வானத்தைக் காட்டினேன். பக்கத்தில் நின்றவன் அவனிடம் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். போ என்று கை அசைத்தான்.

காலிமுகத்திடல் வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. கடலைக் கண்டதும் கொஞ்சம் உட்கார்ந்தேன். கொழும்புக்கு வந்தால் காலிமுகத்திடலைப் பார்க்காமல் வரக் கூடாது என்று கலியாணமான புதிதில் உனக்கு அளந்தேனே. பார்த்துவிட்டேன். பட்டம் விடுகிற பிள்ளைகளைவிட ஆமிக்காரர் கூட.

கொள்ளுப்பிட்டிப் பள்ளியில் ஜும்ஆ தொழுதேன். அங்கே மட்டும்தான் எனக்குப் பக்கத்தில் நின்றவன் என்னைப் பார்க்கவில்லை.

கந்தோரில் என்னைக் கூப்பிட்டது புண்ணியமூர்த்தி என்ற கிளாக்கர். நம் பக்கத்தாள், திருக்கோவில் ஊர்க்காரர். பெயர்ப் பலகையைப் பார்த்ததும் எனக்கு வாய் நிறையத் தமிழ் வந்தது. அவர் விரலை உதட்டில் வைத்தார். "மெல்லக் கதைங்க" என்றார். அவருடைய கந்தோரில் அவரே தமிழை மேசைக்குக் கீழே வைத்துத்தான் கதைக்கிறார்.

"ஆசுபத்திரியில இரிக்கிறது உங்கட மனிசிதானே?"

"ஓம்."

"பேர்?"

"கமீலா. பக்கீர் முகைதீன்ட மகள்."

நோன்போடு சொன்னேன். ஜும்ஆ தொழுத வாயால் சொன்னேன். தொண்டை காய்ந்தது நோன்பினாலா பொய்யினாலா தெரியாது. அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனார். கலியாணத் திகதி கேட்டார், சொன்னேன். ஊர் கேட்டார், சொன்னேன். "உடம்பில அடையாளம் ஏதும் இரிக்கா? படம் தெளிவில்ல, ஆள் இவதான் எண்டு அங்க உறுதிப்படுத்தோணும்" என்றார்.

கமீலா, நான் யோசிக்கவே இல்லை. என் பெண்சாதியின் அடையாளம் என்னவென்று ஒருவர் கேட்கிறார். "இடது மணிக்கட்டில சூட்டுத் தழும்பு. நெல்லவிக்கக்குள்ள பட்டது" என்றேன். இரண்டு விரலால் அளவுகூடக் காட்டினேன்.

அவர் எழுதி முடித்து, டெலெக்ஸில் அனுப்புகிறோம், வெசாக் லீவு முடிய வந்து பதிலைப் பாருங்கள் என்றார். படியிறங்கி நடுத்தெருவுக்கு வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைத்தது. திரும்பிப் போய் மாற்றிச் சொல்லலாமா? சொந்தப் பெண்சாதியின் தழும்பை மறந்தவன் எப்படிப் புருசன்? அங்கேயே நின்றால் ஆமிக்காரன் பார்ப்பான் என்று நடந்தேன். நடந்தது பிழையான பக்கம். கோட்டைக்குள் வந்து, குண்டு வெடித்த தந்திக் கந்தோருக்கு முன்னால் நின்றேன். கயிறு கட்டியிருக்கிறது. தெருவில் இன்னும் கண்ணாடித் துண்டு. மேல்மாடியில் ஆளில்லாத ஒரு கதிரை சுவரில்லாமல் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒருவனை ஒரு பொலிசுக்காரன் தோளில் தட்டிக் கூட்டிக்கொண்டு போனான். நான் புறக்கோட்டை வரும்வரை ஓடவில்லை. ஓடினால் சுடுவார்கள்.

சின்னத்தங்கத்தின் கையில் தழும்பில்லை என்று பதில் வரப்போகிறது. பிறகு நான் யார், நீ யார், அவள் யார் என்று ஒவ்வொன்றாக இழுப்பார்கள். காலில் கொப்புளம். நோன்பு திறக்க அரைமணி இருக்கிறது. என்ன செய்யட்டும், எழுது.

ஜவுபர்

*

கல்முனை
19.05.1986, திங்கள், நோன்பு ஒன்பது

மச்சானுக்கு,

ஸலாம்.

அட மனிதரே! பத்து வருடத்தில் நான் என்ன உடுத்தேன் என்று கேட்டால் உங்களுக்குச் சொல்லத் தெரியாது. பெருநாளைக்கு மருதோன்றி போட்ட கையைக் காட்டினாலும் நல்லம் என்று கூரையைப் பார்த்துச் சொல்வீர்கள். இந்தத் தழும்பு மட்டும் இரண்டு விரல் அளவு வரைக்கும் ஞாபகத்தில் இருந்திருக்கிறது. அதை வாசித்தபோது எனக்கு அழுகையும் வந்தது, உங்கள் தலையில் குட்ட வேண்டும் போலும் வந்தது. பொய் சொல்லத் தெரியாத ஆளிடம் இந்தக் காரியம் மாட்டியிருக்கக் கூடாது.

கடிதம் கிடைத்ததிலிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கழற்றி அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுவேன்.

சனிக்கிழமை நம் ஒழுங்கைக்குள் ஜீப் வந்தது. எனக்குத்தான் என்று நினைத்துத் தொழுகைப் பாயில் போய் நின்றேன். என்ன தொழுகை, எத்தனை ரக்அத் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஜீப் பக்கத்து ஒழுங்கையில் நின்று ஒருவனை ஏற்றிக்கொண்டு போயிற்று. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். சொன்ன பிறகு வெட்கமாக இருந்தது.

முருகேசு அண்ணன் ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பின்வேலிக்கு வருகிறார். பிள்ளை இடுப்பில் இருக்கும். வேலிக்குள்ளால் கஞ்சிக் கோப்பையை நீட்டுவேன். "காக்கா என்ன எழுதியிரிக்காரு தங்கச்சி?" என்று கேட்பார். விழுந்த கால் சுகமாகிறதாம் என்று நானாக ஒன்று சொல்வேன். தழும்புக் கதை அவருக்குத் தெரியாது. கொழும்புக்குத் தானே போகிறேன் என்று ஒருநாள் வெளிக்கிட்டார். தமிழ் ஆள், கல்முனை அடையாள அட்டை, வயது முப்பத்திரண்டு. மன்னம்பிட்டி ஆமிச் சோதனையைத் தாண்டமாட்டீர்கள் என்று பிள்ளையைக் காட்டி மறித்தேன். "அப்ப காக்காதான் எனக்காகப் போயிரிக்காரு" என்றார். நீங்கள் எதற்காகப் போனீர்கள் என்பது எனக்கும் உங்களுக்கும் இருக்கட்டும்.

பதில் "இல்லை" என்று வந்தால் அந்தக் கந்தோர்ப் பக்கமே போகாதீர்கள், அடுத்த பஸ்ஸில் வந்துவிடுங்கள் என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். போங்கள். போய் இப்படிச் சொல்லுங்கள்: பத்திரம் கொடுத்தவள் ஊரில் இருக்கிறாள், புருசனுக்குத் தெரியாமல் கொடுத்தாள், பிடிப்பதென்றால் அவளைப் பிடியுங்கள், அங்கே கிடக்கிறவளை மட்டும் கொண்டுவந்து சேருங்கள். நான் இரண்டு உடுப்பு மடித்துப் பையில் வைத்திருக்கிறேன்.

கமீலா

*

(அஞ்சலட்டை)

கொழும்பு
22.05.1986

கமீலாவுக்கு,

அஞ்சலட்டை என்றபடியால் வியாபார விசயம் மட்டும் எழுதுகிறேன், எல்லோரும் வாசிக்கலாம். சரக்கு இன்னும் கப்பலேறவில்லை. சாரத்தின் கரையில் உள்ள அடையாளத்தை நான் பிழையாகச் சொன்னதால் அங்கிருந்து என்ன பதில் வருமோ தெரியவில்லை. நீ மடித்து வைத்த உடுப்பை எடுத்துப் பெட்டிக்குள் போடு. அப்படிச் சொல்ல மாட்டேன். சொல்வதானால் முதலாளி நான்தான், என் கடையில் நடந்தது என் பொறுப்பு என்றுதான் சொல்வேன். வெளியூர் ஆட்களின் பெயரைப் பொலிஸில் பதியச் சொல்லியிருப்பதால் ஹமீட் முகம் கொடுக்கிறான் இல்லை. தினமும் அந்தக் கந்தோர் வரைக்கும் நடந்து போய், வாசலைப் பார்த்துவிட்டு நடந்தே வருகிறேன். இப்போது வழி மனப்பாடம். பயம்தான் குறையவில்லை.

ஜவுபர்

*

கொழும்பு
27.05.1986, செவ்வாய், நோன்பு பதினேழு

கமீலா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சின்னத்தங்கம் வருகிறாள். அடுத்த புதன்கிழமை விமானம். முதலில் இதை முருகேசுவிடம் போய்ச் சொல். வேலியால் சொல்லாதே, வாசலால் போய்ச் சொல். பிறகு வந்து மிச்சத்தைத் தனியாக வாசி.

இன்று காலை கந்தோருக்குள் போனேன். வாசலில் இரண்டுமுறை திரும்பினேன், மூன்றாம் முறை கலிமாவைச் சொல்லிக்கொண்டு ஏறினேன். புண்ணியமூர்த்தி என்னைக் கண்டதும் கையைக் காட்டி மேசைக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். ஒரு பொலிசுக்காரர் அங்கே நின்று ஏதோ படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் நிற்கிறார் என்று எனக்கு நிச்சயம். முதலாளி நான்தான் என்று சொல்ல வாயைத் தயாராக வைத்திருந்தேன்.

புண்ணியமூர்த்தி டெலெக்ஸ் கடதாசியை எடுத்து, பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாசித்தார்.

"பேர் சரி. தகப்பன்ட பேர் சரி." பென்சில் நின்றது. "இடது மணிக்கட்டு, சூட்டுத் தழும்பு. ஓம். இரிக்கி." ஒரு சரி போட்டார்.

இருக்கிறதாம், கமீலா. இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சந்தோசம் வந்தது. உன்னிடம் மறைக்கமாட்டேன், முதலில் வந்தது சந்தோசம்தான். தப்பினோம் என்று உடம்பெல்லாம் குளிர்ந்தது. அல்லாஹ்தான் எழுத வைத்தான் என்றுகூட நினைத்தேன். அவளுக்கு ஏது தழும்பு என்ற கேள்வி எனக்கு வரவில்லை. ஒரு நிமிடம் முழுக்க வரவில்லை.

அவர் பென்சிலை எடுக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"வலது கையிலயும் எண்டு போட்டிரிக்கி. ரெண்டு கையிலயும், முழங்கை மட்டும். பழசும் புதுசுமா. அயன் பெட்டிச் சூடாம்." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "நீங்க ஒண்டெண்டுதானே சொன்னீங்க?"

அந்தப் பொலிசுக்காரர் எழுதிக்கொண்டே இருந்தார். காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்:

"போகக்குள்ள ஒண்டுதான் இரிந்த."

புண்ணியமூர்த்தி முத்திரையை எடுத்தார். மையில் ஒற்றினார், குத்தினார். இன்னொன்று, இன்னொன்று. கையெழுத்து வாங்கினார். நான் எழும்பும்போது மேசைக்குக் கீழே வைத்த குரலில், "கூட்டிட்டுப் போகக்குள்ள வழியில ஆரு பேர் கேட்டாலும் கமீலா எண்டே சொல்லச் சொல்லுங்க. வீடு போய்ச் சேரும் மட்டும்" என்றார். அவருக்கு எப்போது விளங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவள் மாடியிலிருந்து எப்படி விழுந்தாள் என்பதையும் நான் கேட்கவில்லை.

திரும்பிக் காலிமுகத்திடலுக்கு நடந்து வந்து கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இன்று என்னை யாரும் மறிக்கவில்லை. மறித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. நான் சொன்ன பொய்யை அந்த வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே உண்மையாக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் நான் ஜெயிலுக்குப் போகவில்லை, நீ போகவில்லை. அவளுடைய வெந்த கையில் ஏறி நாம் இருவரும் தப்பியிருக்கிறோம். அந்த ஒரு நிமிடச் சந்தோசத்தை நான் என்ன செய்ய, கமீலா? யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்க?

கட்டுநாயக்காவுக்கு நான் போகிறேன். அவளால் நடக்க முடியாதாம், தூக்கித்தான் ஏற்ற வேண்டும். மகாஓயாவிலும் அம்பாறையிலும் இறக்கிப் பார்ப்பார்கள். என் பெண்சாதி என்றே சொல்வேன். இந்தமுறை வாய் தடுக்காது. முருகேசுவிடம் கையைப் பற்றிச் சொல்வதா விடுவதா என்பதை நீதான் பார்க்க வேண்டும். என்னால் அதை யோசிக்க முடியவில்லை.

ஜவுபர்

*

கல்முனை
30.05.1986, வெள்ளி, நோன்பு இருபது

மச்சானுக்கு,

வஅலைக்கும் சலாம். இந்தமுறை நீங்கள் முதலில் சொல்லிவிட்டீர்கள்.

நீங்கள் எழுதியபடி வாசலால் போனேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்த வாசலில் நம் வீட்டுக் கால் பட்டது. ஒழுங்கைச் சனம் பார்த்துக்கொண்டு நின்றது. பார்க்கட்டும். புதன்கிழமை வருகிறாள் என்று சொன்னதும் முருகேசு அண்ணன் பிள்ளையைத் தூக்கி அம்மா வாறா அம்மா வாறா என்று சுற்றினார். அந்த நேரத்தில் கையைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து, உங்கள் கடிதத்தை இன்னொருமுறை வாசித்துவிட்டு, மறைத்தால் அவள் கையை அவர் திடீரென்று காண்பார், கண்டதும் அவர் முகம் மாறும், அந்த முகத்தை அவள் காண்பாள் என்று யோசித்தேன். அது நடக்கக் கூடாது. அஸருக்குப் பிறகு அவர் வேலிக்கு வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை.

அவர் அழவில்லை. அழுவார் என்று பயந்துகொண்டிருந்தேன், அழாதது அதைவிடப் பயமாக இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் கஞ்சிக் கோப்பையை வேலிக்குள்ளால் நீட்டினேன். இடக்கையால்தான் நீட்டியிருக்கிறேன், வலக்கையில் அகப்பை இருந்தது. அவர் கோப்பையை வாங்கவில்லை. என் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். பத்து வருடமாக அந்தக் கையால் எத்தனை கோப்பை வாங்கியிருப்பார், ஒருநாளும் பார்த்ததில்லை.

"தங்கச்சி, இது ஆறி மாற எத்தின நாள் எடுத்த?" என்று கேட்டார்.

உங்களுக்குத் தெரியும் மச்சான். மழைக்காலத்தில் இது இன்னும் எரிகிறது. அடுப்புக்குக் கிட்டப் போனால் கை தானாகப் பின்னால் போகிறது. உங்களிடம்கூட நான் சொன்னதில்லை.

"ஒரு மாசம்" என்றேன். "ஒரு மாசத்தில மறந்தே போயிற்று."

நோன்போடுதான் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கஞ்சியை வாங்கிக்கொண்டு போனார். பிள்ளைக்கு ஊதி ஊதிக் கொடுக்கிற சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது.

என் பெயர் இன்னும் கொஞ்ச நாள் அவளிடமே இருக்கட்டும். வீடு வந்து சேரும்வரை அவளைக் கமீலா என்றே கூப்பிடுங்கள்.

கமீலா